அவள் கேட்ட உயரம்

எனக்குப் பலாப்பழம் பிடிக்காது. அறுத்தால் அந்த வாசனை இரண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. ஆனாலும் ஒவ்வொரு சீசனுக்கும் எழில்மதியின் அப்பா கொளஞ்சிநாதன் மாமா காடாம்புலியூர்ப் பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். நான் வாங்கிக்கொள்வேன். பெரியவர் மனசு நோகக் கூடாது, பாருங்கள்.

மாமாவுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனெண்ட் ஆக்குவார்கள், ஆக்குவார்கள் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. என் அப்பா பர்மனெண்ட். பெருமைக்குச் சொல்லவில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். டவுன்ஷிப் கிரவுண்டில் எழில்மதி வெறுங்காலோடு வந்து நின்றபோது என் பழைய ஷூவைக் கொடுத்தவள் நான். அவள் அடித்த பந்தெல்லாம் நான் தூக்கிக் கொடுத்தது. வாலிபாலில் அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டல். தூக்கிக் கொடுக்கிற செட்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. அதைக்கூட நான் பெரிதாக நினைத்ததில்லை. செந்தாமரை தூக்கினால் எழில் அடிப்பாள் என்று எங்கள் பேர் சேர்ந்தேதான் அடிபட்டது. இந்திய அணிக்கும் சேர்ந்தே போனோம். அது 2014.

அந்த வருடம் வெளிநாட்டில் நடந்த ஆசியப் போட்டி அவளுக்கு வெறும் போட்டி இல்லை. ஆடி முடித்துவிட்டு வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மைன்ஸ் கம்பெனியிலேயே அவளுக்கு ஒரு வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டிலேயே முதல் பர்மனெண்ட். விமானம் ஏறும்வரை அவளுக்கு அதே பேச்சுதான்.

"மொதல் வேலையா அப்பாவ மைன்ஸுலேர்ந்து நிறுத்திடணும்டி."

"நிறுத்திடலாம்டி" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

போய் இறங்கிய மறுநாள், முதல் ஆட்டத்தில் கேரளத்துப் பெண்தான் செட்டர், நீ பெஞ்சில் இரு என்று கோச் சொல்லிவிட்டார். காரணத்தை எழில்மதியே ரூமில் சொன்னாள். அவளுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.

"கோச்சுக்காதடி. யாரு குடுக்கற பந்து கைக்கு நல்லா வருதுன்னு சார் கேட்டாரு. உண்மையச் சொல்லிட்டேன். நீ இப்பல்லாம் தாழ்வா குடுக்கற. என்னால முழுசா எகிறி ஏறவே முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எத்தினி வாட்டி சொன்னேன்? நீ எங்க காதுல வாங்கின?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் ஷூவைப் போட்டுக்கொண்டு குதிக்கக் கற்றவள், என் கைக்கே மார்க் போட வந்துவிட்டாள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் அடித்துப் பழகும்போது பந்துகள் நாலாபக்கமும் உருளும். ஏறி அடிக்கிறவளின் கண் மேலே இருக்கும். அவள் காலுக்குக் கீழே பந்து வந்துவிட்டால், பார்த்தவள் 'பந்து' என்று கத்த வேண்டும். கத்தினால் அவள் ஏறாமல் நின்றுவிடுவாள். எதிரணிப் பெண்ணாக இருந்தாலும் கத்துவோம். கிரவுண்டுக்கு வரும் சின்னப் பிள்ளைக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

முதல் ஆட்டத்தன்று பழகும்போது நான்தான் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்காரப் போகிறவளுக்கு அதற்காவது உரிமை உண்டு. எதிர்ப்பக்கத்துப் பந்து ஒன்று வலைக்கு அடியில் உருண்டு வந்தது. நான் கத்தவில்லை.

எழில்மதி அதன்மேல் இறங்கினாள். முட்டி திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டது நான்தான். ஆஸ்பத்திரியிலும் நான்தான் கூட இருந்தேன். ஏன் கத்தவில்லை என்று கேட்டவர்களிடம், தொண்டை அடைத்துவிட்டது, குரல் எழும்பவில்லை என்றேன். எல்லாரும் நம்பினார்கள், எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அவள் இல்லாமல் கேரளத்துப் பெண்ணின் பந்து யார் கைக்கும் வரவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் என்னை இறக்கினார்கள். தோற்றோம். அதில் என் தவறு எதுவுமில்லை.

ஆபரேஷன் செய்தும் அவள் கால் பழையபடி மடங்கவில்லை. இப்போது பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. மாமா இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. யாராவது ஒருத்திக்குக் கிடைக்க வேண்டியதுதானே.

இந்த வருடம் பழத்தோடு எழில்மதியும் நொண்டிக்கொண்டு வந்தாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ இல்லாங்காட்டி எம் பொண்ணு அங்க அநாதயா கெடந்திருக்கும்மா."

எழில்மதி கும்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நீ கீழ பாத்துகினு இருந்தியேடி" என்றாள்.

நான் பழத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பந்து உருண்டு வந்து என் காலருகில்தான் நின்றது. எடுத்து எறிந்திருக்கலாம். அவள் ஓடிவரத் தொடங்கிய பிறகு, அவள் இறங்கும் இடத்துக்கு அதைக் குதிகாலால் தள்ளிவிட்டேன். இரண்டு எட்டுத் தூரம்கூட இருக்காது. ஆனால் நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று என் கை தாழவில்லை. அவள் கேட்ட உயரத்துக்கே தூக்கிக் கொடுத்தேன். அவள் அவ்வளவு உயரம் ஏறி நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு பந்தில் மட்டும் அவள் என்னைக் குறை சொல்ல முடியாது.