மெமரி கார்டில் குடியிருந்தவன்

மத்தியானம் மூன்று மணி. பேய்க்கதை என்றால் நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டுமா என்ன? கேளுங்கள். மண்டையைப் பிளக்கிற வெயில். ஊரை விட்டு வெளியே போகும் சாலை. ஒரு நாய்கூட இல்லை. அங்கே திறந்திருந்தது ஒரே ஒரு கடை... போன் ரிப்பேர் கடை.

கடைக்காரர் என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். செத்த போனையெல்லாம் எழுப்பி உட்கார வைப்பார் என்பதால் குடும்பத்தில் எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதருக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகம் வெளிறிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அன்றைக்கு அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தையல்காரம்மா உள்ளே வந்தார். நூல்கண்டு போடும் தகர டப்பாவைத் திறந்து, ஊசிகளுக்கு நடுவிலிருந்து நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அவருடைய ஒரே பையன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் யாரோ கட்டடத்துக்குத் தோண்டி அப்படியே விட்ட பள்ளம். மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஆறு வயசு... அவ்வளவுதான். அவனுக்கு அம்மாவின் போனில் படம் பிடிப்பதென்றால் உயிர். அது படம் எடுக்கும்போது சத்தம் வராத பழைய போன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நாக்கைச் சொடுக்கி அவனே ஒரு 'டக்' போடுவானாம். அவன் போன பிறகு அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து இந்தம்மா அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தார். அதைச் சகிக்க முடியாமல் அண்ணன்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

"பிறந்த நாளன்னிக்கு எடுத்த வீடியோ ஒண்ணு இருக்கும் சார். அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடி வருவான். படம்கூட வேண்டாம்... அந்தக் குரல் மட்டும் கிடைச்சாப் போதும். எனக்கு அவன் குரல் மறந்துக்கிட்டே வருது."

டாக்டருக்கும் வீட்டில் ஐந்து வயசு மகள். கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபடியே சொன்னார்.

"அழிக்கிறதுன்னா வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையைக் கழட்டற மாதிரிதாம்மா. ஆள் உள்ளயேதான் இருப்பாங்க. புதுசா ஒருத்தர் குடிவந்தாத்தான் பழைய ஆள் காலி. அழிச்சதுக்கப்புறம் இதுல எதுவும் எடுக்கலையே?"

இல்லை என்றார் அந்தம்மா. போன் அந்த வாரமே உடைந்துபோனது. கார்டு டப்பாவை விட்டு வெளியே வந்ததே இல்லை. அப்படியானால் கண்டிப்பாகக் கிடைத்துவிடும், நாளைக்கு வாருங்கள் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கார்டைப் போட்டுச் செருகுவதற்கு ஒரு பெரிய உறை இருக்கும். அதன் ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டிப் பூட்டு. அதைத் தள்ளிவிட்டால் கார்டில் இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுத முடியாது. எந்தக் கார்டைத் தொட்டாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அன்றைக்கு டாக்டர் மறந்துவிட்டார்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தையல் மிஷினின் மிதி. அம்மாவின் முழங்கை. கதவின் கீழ்த் தாழ்ப்பாள். எல்லாம் ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து எடுத்தவை. கடைசியில் அந்த வீடியோவும் வந்தது. பையன் ஓடி வருகிறான். வாய் திறக்கிறான்... அவ்வளவுதான். படம் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறிப்போனது.

அதன்மேல் யாரோ குடிவந்திருக்கிறார்கள்.

யார் என்று தேடினார். புதுப் படங்கள் இருந்தன. மிஷின்மேல் தலை சாய்த்துத் தூங்கும் தையல்காரம்மா. ஒரு சின்னச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழும் தையல்காரம்மா. அதே உயரம். தேதிகளைப் பார்த்தார். எல்லாம் கார்டு டப்பாவுக்குள் கிடந்த காலத்துத் தேதிகள்.

கடைசிப் படத்தைத் திறந்தார். ஒரு ஆளின் முதுகு. நீலக் கட்டம் போட்ட சட்டை. பின்னந்தலையில் சின்ன வழுக்கை. எதிரே கம்ப்யூட்டர்...

நீலக் கட்டம் போட்ட சட்டையைத்தான் டாக்டர் அன்று போட்டிருந்தார்.

கடையில் எப்போதும் ஈயம் உருகும் வாசனை இருக்கும். அது போய்விட்டது. சேற்றுத் தண்ணீர் நாற்றம் அடித்தது, வெளியே அத்தனை வெயில் காயும்போது. பின்னால், அவர் இடுப்பு உயரத்தில்...

டக்.

அவர் திரும்பவில்லை. திரையில் வீடியோவின் மிச்சம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. குரல் இருக்கும் கடைசித் துண்டை ஒவ்வொரு புதுப் படமும் கடித்துக்கொண்டே வந்தது. தன் குரலைத் தானே தின்கிறான் பையன், அவனுக்கு அது தெரியவில்லை. டாக்டர் கார்டை உருவிப் பூட்டைத் தள்ளி, மறுபடி செருகினார்.

நாற்றம் நின்றது. அப்பாடா என்று மூச்சு வந்தது அவருக்கு. பழைய கார்டு, நகல் எடுக்க ராத்திரி பூராவும் ஆகும். ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் போனில் இடமில்லை என்று வந்தது. நேற்றுவரை பாதி காலியாக இருந்த போன். திறந்தால்... மகள் தூங்கும் படங்கள். நூற்றுக்கணக்கில். கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஒன்று. பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு தலையணை ஓரத்திலிருந்து. கடைசிப் படத்தில் அவள் கண்விழித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், போனைப் பிடித்திருந்தவனைப் பார்த்து.

சமையலறையில் மகளின் சத்தம் கேட்டது. டக். டக். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"ஈர அண்ணன்."

அவர் கடைக்கு ஓடினார். நகல் முடிய, திரையில் ஓடும் கோட்டில் இன்னும் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். அந்த விரல் அகலத்தில்தான் குரல் இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் போதும். வாக்குக் கொடுத்திருக்கிறார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

புதுப் படம். அவர் வீட்டு வாசற்கதவு திறந்திருக்கிறது. அடுத்தது, தெருவில் நடந்து போகும் மகளின் முதுகு. ஒரு கை மட்டும் யாரையோ பிடித்திருப்பதுபோல் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. அடுத்த படத்தில் தண்ணீர்... வெறும் தண்ணீர்.

கார்டைப் பூட்டியதால்தானே பையன் அவர் வீட்டுக்குக் குடிவந்தான்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவரும் அதைத்தான் செய்தார். நகலை நிறுத்தி, கார்டை உருவிப் பூட்டைத் திறந்து, மறுபடி செருகினார்.

டக்.

மனைவி அலறிக்கொண்டு போன் செய்தார். பக்கத்து மனையில் மூடாத தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் குழந்தை தனியாக நின்றிருக்கிறாள். நல்லவேளை, பிடித்துவிட்டார்களாம். ஒரு கை மட்டும் மணிக்கட்டுவரை ஈரம்.

கார்டில் குரல் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரே ஒரு புதுப் படம். பூட்டைத் தள்ளும் டாக்டரின் விரல்.

தையல்காரம்மா வந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அந்தம்மா சண்டை போடவில்லை. கார்டை வாங்கி ஊசிகளுக்கு நடுவில் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டார். ஒரு தாயின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அன்று பூராவும் டாக்டர் சாப்பிடவில்லை. ஆனாலும் தன் பிள்ளை பிழைத்தாளே என்று மனசின் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது.

மகள் மட்டும் அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எது கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினாள். பயந்துபோயிருக்கிறாள், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். மகளைக் கடையில் உட்கார வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர். அதே மத்தியான நேரம். மனசு கேட்காமல், இன்னொரு தடவை பாருங்களேன் என்று கேட்கத் தையல்காரம்மா மறுபடி வந்தார். மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுந்து அந்தம்மாவை நோக்கி ஓடினாள்.

"அம்மா..."

தகர டப்பா கீழே விழுந்தது. ஊசிகள் தரையெல்லாம் சிதறின. தையல்காரம்மா அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

"இதுதான் சார்... இதுதான் அவன் குரல்."

இப்போதும் அந்தம்மா தினம் மூன்று மணிக்குக் கடைக்கு வருகிறாராம். வராதீர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டாக்டரும் கடையை அடைத்த பிறகு தினம் தன் போனில் மகளின் பழைய வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறாராம். ஒன்றில் அவள் ஓடி வருகிறாள். அப்பா என்று கூப்பிட வாய் திறக்கிறாள்... அந்த இடம் வந்ததும் படம் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறிவிடுகிறது.