நனைந்தது பெட்டி, நனையாதது பக்கம்

தலைமையேற்று இந்த மேடைக்கு மேன்மை சேர்த்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியை கோகிலாம்பாள் அம்மையார் அவர்களே! ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மல்லாங்கிணற்றிலிருந்தும் பாலவனத்தத்திலிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இங்கும் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! என்னைப் போலவே வீட்டில் கன்னடமும் வீதியில் தமிழும் பேசி வளர்ந்த தோழிகளே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

‘அரசும் கிளவுடும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு ஐயா, “மேகமா? திருச்சுழிப் பக்கம் ஒண்ணையும் காணமே தாயி!” என்கிறார். ஐயா, இது மழை தராது. அரசின் ஆவணங்களை ஒரே அலுவலகத்தின் ஒரே கணினிக்குள் அடைத்து வைக்காமல், வெளியூர்களில் உள்ள பெரிய கணினிக் கூடங்களில் பத்திரப்படுத்தி, உரிமையுள்ளவர் எங்கிருந்தும் எடுக்கும்படி வைப்பது. அவ்வளவுதான். அதன் அருமையை நான் கல்லூரியில் கற்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் கற்றேன்!

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான், ஓர் அரசு அலுவலகத்தில் கணினி ஆப்பரேட்டராகச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் அதிகாரி கஸ்தூரி மேடம் ஆடி மாதம் முழுக்க எங்களை விடவில்லை. கறையான் தின்றது போக மீந்த பழைய பதிவேடுகளை, கோழி இறகால் தூசி தட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றச் சொன்னார். மூத்த உதவியாளர் சங்கையா சார் மட்டும் முணுமுணுத்தார்: “நம்ம வீட்டு நகைய அடுத்த வீட்டுல கொண்டு வைக்கச் சொல்றாக!” ஸ்கேன் செய்ததெல்லாம் முதலில் போய்ச் சேரும், மூலையில் இருந்த சர்வர் பெட்டிதான் அவருக்கு எல்லாமே.

வந்தது ஆயுத பூஜை. விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை அலுவலகத்தில் பூஜை. தறிக்கு எப்படிச் செய்வோம்? சந்தனம் பூசி, பொட்டு வைத்து, சொம்புத் தண்ணீரை மாவிலையால் மூன்று முறை தெளிப்போம். பழகிய கை! சர்வருக்கும் தெளித்தேன். ‘பட்’ என்றது. புகை வந்தது.

“ஏத்தா! தறின்னு நெனச்சியா? உள்ள கரண்டு ஓடுதே!” என்று சங்கையா சார் தலையில் கை வைத்தார். சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால், அதே நேரம் வாசலில் ராமலட்சுமி அக்கா நின்றார். நம் தெருவில் நெசவு செய்கிறவர். கூடவே மகள் தேவிபிரியா. நர்ஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. இடையில் இரண்டு நாளும் விடுமுறை. சாதிச் சான்றிதழ் வாங்க ஆதாரமாக, இறந்துபோன அவள் அப்பாவின் பெயருள்ள 1987-ஆம் வருடப் பக்கம் வேண்டும். அந்தப் பதிவேடோ தொட்டால் உதிரும் தூள்.

“அந்தப் பக்கம் இந்தப் பெட்டிக்குள்ளதாம்மா இருந்துச்சு” என்றார் சங்கையா சார்.

அக்கா பெட்டியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். “பொட்டு வச்சு வழியனுப்பிட்டீகளாக்கும்! எம்புள்ள வேலையையும் சேத்தா?” என்றார்.

விடுப்பில் ஊருக்குப் போயிருந்த கஸ்தூரி மேடத்துக்குப் போன் செய்து, நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். “பெட்டி போனாப் போகுது, அழாதம்மா. ஆடியில ஏத்துனது எதுக்கு? பக்கத்து சிஸ்டத்துல உன் பாஸ்வேர்டப் போட்டு உள்ள போ” என்றார்.

போனேன். ஊரைத் தட்டினேன், ஆண்டைத் தட்டினேன், பெயரைத் தட்டினேன். வந்தது பக்கம்! ஓரத்தில் கறையான் துளை. நடுவில் பழுதில்லாமல் அந்தப் பெயர். “அவுகதான்… அவுக பேருதான்” என்று அக்கா திரையைத் தடவினார். மேடத்துக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்தோடு ஐந்தே முக்காலுக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது.

தாய்மார்களே, “சாவி வைத்திருப்பவர் லீவு” என்ற சொல்லைக் கேட்டு எத்தனை முறை திரும்பியிருப்பீர்கள்? “ஃபைலைக் காணோம்” என்று சொன்னதால் எத்தனை முறை நடந்திருப்பீர்கள்? இன்று யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், திறந்தவர் பெயரும் நேரமும் பதிவாகிறது. காகிதம் தொலைந்தாலும் உரிமை தொலையாது! பெட்டி எரிந்தாலும் பெயர் எரியாது! ஆனால் அந்தப் பக்கம் தானாகவா பறந்து போனது? கோழி இறகு பிடித்த கைகள் ஏற்றிய பக்கம் அது. அந்தக் கைகள் நம் ஊர் அருப்புக்கோட்டைக் கைகள் என்று சொல்வதில் எனக்குப் பெருமை!

இந்த வருட ஆயுத பூஜையில் சங்கையா சார், “சொம்ப இங்கிட்டுக் குடு தாயி” என்று முதல் வேலையாகப் பிடுங்கிவிட்டார். அப்போது கிண்ணத்தில் சந்தனத்தோடு ராமலட்சுமி அக்கா வந்தார். மகள் இப்போது மதுரையில் நர்ஸ். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். புதுக் கணினியைக் காட்டினேன். “மிசினுக்கு வேணாம். கையக் காட்டு” என்று என் இரண்டு கையிலும் சந்தனம் பூசினார். அடுத்து சங்கையா சார் கையை நீட்டினார், அவருக்கும் பூசினார்.

கேட்ட உங்கள் செவிகளுக்கும், பேசவைத்த இந்த மேடைக்கும் நன்றி சொல்லி, அந்தக் கைகளையே கூப்பி உங்களை வணங்கி விடைபெறுகிறேன்.