பேரப்பிள்ளைக்கு ஒரு கொடித்துணிப் படுக்கை

கறுப்புத் துணிதான் தம்பி, நான் இல்லேன்னே சொல்லலையே! வாசல்ல காயுறது கறுப்பு. மந்திரி நாளைக்கு இந்த மாம்பழச்சாலை வழியாத்தான் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போறாரு. எல்லாம் எனக்கும் தெரியும். அதுக்காக ரோட்டுல நின்னுக்கிட்டு ‘இது யாரு வீட்டுத் துணி’ன்னு கேட்டா என்ன அர்த்தம்? யாரு வீட்டுத் துணியா! பிச்சைமுத்து வீடுங்க இது. பொன்மலைப் பிச்சைமுத்து... என்ன முழிக்கிறீங்க? பேரே கேள்விப்பட்டதில்லையா?

சரி, காஞ்சிருந்தா அந்தக் கறுப்பையும் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. மஃப்டியில வந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். சட்டை மாத்தினா ஆச்சா, கால்ல போட்டிருக்கிற பூட்ஸ் யாரு வீட்டுது? உக்காருங்க. அந்தத் துணி மேல இல்லீங்க, ஊசி இருக்கு, ஊசி... ஐயய்யோ! சொன்னேன்ல? ரத்தம் வரலையே? வரட்டும், போலீஸ் ரத்தம் சிந்துன முதல் போராட்டம்னு வரலாறுல எழுதிக்குவோம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ள மக தூங்குறா. தலைப்பிரசவம், இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா... நீங்க எங்க பேசுனீங்க? நான்தான் மெதுவாப் பேசணும்.

பேரு என்ன சொன்னீங்க? செல்லக்கண்ணு. நல்ல பேரு. உங்களுக்கு முந்தி இந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டவரு செபஸ்தியான் ஏட்டு. என்னா மனுசன்! டவுன் ஹால் மைதானத்துல நான் பேசுனா மொத ஆளா வந்து உக்காந்து ஒண்ணு விடாம எழுதுவாரு. கூட்டம் முடிஞ்சதும், ‘அண்ணே, அந்த நாலாவது பாயிண்டு வேகமாப் போயிருச்சு, இன்னொரு வாட்டி சொல்லுங்க’ன்னு டீக்கடையில வந்து கேப்பாரு. நானும் சொல்லுவேன், கொஞ்சம் காரம் கூடவே சேத்து. சில நாளு கூட்டத்துக்கு அவரு ஒருத்தர்தான் வந்திருப்பாரு. அன்னைக்கும் நான் ‘பெருந்திரளாகக் கூடியிருக்கும் தோழர்களே’ன்னுதான் ஆரம்பிப்பேன். அவரும் அப்படியே எழுதிக்குவாரு. ரிட்டயர் ஆயிட்டாருன்னாங்க. என்னையும் சேத்து ரிட்டயர் பண்ணிட்டாரு போலருக்கு, ஒரு வார்த்தை சொல்லாம.

இல்ல, நான் கேக்குறேன். மந்திரி வர்றாருன்னு நேத்து ஊரெல்லாம் ஆளைப் பிடிச்சிருக்கீங்க. ஊரு ஒலகத்துல எவன் எவனையோ பிடிச்சிருக்கீங்க. மைக் செட்டு நசுருதீனைக்கூட ஜீப்புல ஏத்திட்டுப் போயிருக்கீங்க! அந்த ஆளு வாழ்க்கையில பேசுன ஒரே வார்த்தை ‘ஹலோ மைக் டெஸ்டிங்’. அவரு அபாயகரமான ஆளு. நான் மோரு குடிச்சிக்கிட்டுத் துணி தைக்கிற கெழவன். அப்படித்தானே?... இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. கறுப்புத் துணியைப் பத்தித்தானே கேட்டீங்க? சொல்லிடுறேன்.

அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்க. திறங்க, பரவாயில்ல, வாரண்டெல்லாம் கேக்கமாட்டேன். என்ன தெரியுது? துணி. அதுக்கடியில? துணி. நான் ஆயுள் பூரா சேத்த சொத்து அதுதான். ஒவ்வொரு போராட்டத்துக்கும் பீஸ் பீஸா வாங்குவோம், கொடிக்கு, தட்டிக்கு, கையில கட்டுற பட்டைக்கு. ஆயிரம் பேரு வருவாங்கன்னு கணக்குப் போட்டுத் துணி எடுப்பேன். வர்றது அம்பது பேரு. மிச்சம் பெட்டிக்கு. செவப்பு பொன்மலை ஸ்ட்ரைக்குல. அந்தக் கோடித்துணி விலைவாசிப் போராட்டத்துல. எழுத்து எழுதுன துணியெல்லாம் ஊர்வலம் போயிட்டு வந்தது. கறுப்பு... கறுப்புக்கு எந்தப் போராட்டம்னு கேக்காதீங்க, அது எல்லாத்துக்கும் ஆகும்.

துணிக்கு நடுவுல மடிச்சு மடிச்சு வச்சிருக்கேனே, அது என்னங்கிறீங்க? எல்லாம் ஒட்டுத்துணிப் படுக்கை. ஒண்ணுகூட முடியலை. சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு மூட்டி, அடியில பழைய வேட்டியை ரெண்டு மடிப்பா வச்சு, மேலேர்ந்து கீழ வரைக்கும் நெருக்கமா நூலு ஓட்டணும். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுத்தது பாலக்கரை தாஜுதீன் பாய். மெத்தை தைக்கிறவரு. எங்கேங்கிறீங்க? ஜெயில்ல, தையல் கொட்டடியில. அவரு ஏதோ சினிமாக் கொட்டகை அடிதடியில வந்தவரு, நான் ஸ்ட்ரைக்குல வந்தவன். ‘தலைவரே, பேசுறதுக்குக் கை எதுக்கு, இந்தா’ன்னு கையில ஊசியைக் குடுத்துட்டாரு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தச் செவப்புப் படுக்கை. அப்பத்தான் என் மக பொறந்தா. நான் உள்ள, அவ வெளிய. வெள்ளையம்மா, என் சம்சாரம், சேதி சொல்லி அனுப்புச்சு. நான் ‘புரட்சி’ன்னு பேரு வையுங்கன்னு பதில் சொல்லி அனுப்புனேன். அது போயி, எங்க உப்பிலியபுரத்து சாமி பேரை வச்சு வேலம்மாள்னு கூப்பிட்டுருச்சு. சரி, பேரைத்தான் விட்டோம், படுக்கையாவது நம்ம கொடியில இருக்கட்டும்னு ராப்பகலா... இல்ல, ராத்திரி ஊசி குடுக்கமாட்டான். சாயங்காலம் வார்டர் எண்ணி வாங்கிக்குவான். பகலெல்லாம் தைச்சேன். பாருங்க, பாதிக்கு மேல வந்திருக்கா? தையலைப் பாருங்க, எறும்பு வரிசை மாதிரி! அப்புறம் விடுதலை பண்ணிட்டான். வாசல்லயே மாலையைப் போட்டுத் தோளுல தூக்கிட்டாங்க. நேரா கூட்டம். கூட்டத்துலேர்ந்து இன்னொரு கூட்டம். புள்ளை மொத மூணு மாசமும் பக்கத்து வீட்டுக் கமருன்னிசாம்மா குடுத்த பழைய சேலையிலதான் கிடந்துச்சு. படுக்கை பெட்டிக்குப் போச்சு.

அந்தப் புள்ளைதான் தம்பி, இப்ப வயித்துப் புள்ளையோட உள்ள படுத்திருக்கு. அவ படுக்கையே இன்னும் முடியலை!

மத்ததெல்லாமும் இதே கதைதான். ஒவ்வொண்ணையும் பிரமாதமாத் தொடங்குவேன். தொடக்க விழான்னா என்னைக் கூப்பிடுங்க. முடிவுன்னா... ‘இரண்டாம் கட்டப் போராட்டம் விரைவில் அறிவிக்கப்படும்’. பச்சைக் கரை வச்சு ஒண்ணு இருக்கே, அது இன்னும் விரைவிலேயே இருக்கு.

இந்தத் தடவை வெள்ளையம்மா ஒரே போடாப் போட்டுருச்சு. ‘ஊருக்கெல்லாம் கொடி தைச்ச மனுசன், பேரப்புள்ளை படுக்க ஒரு துணி தைக்க வக்கில்லையா? இந்தப் புள்ளையும் அடுத்த வீட்டுச் சேலையிலதான் கிடக்கணுமா?’ன்னு. பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழந்துணிதான் போடணும்னு வழக்கம். நான் ஒத்துக்கிட்ட ஒரே சாஸ்திரம் அதுதான், செலவில்ல பாருங்க. பெட்டியில மிச்சமிருந்த செவப்புத் துணியில பூச்சி அரிச்சிருந்துச்சு. நல்ல எடமாப் பாத்து வெட்டி, மத்த துணியும் கலந்து, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, போன வாரம் நடுப்பகுதியை முடிச்சே போட்டேன்! கூப்பிட்டுக் காட்டுனேன். அது பாத்துச்சு. வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச்சு. அப்புறம் அழுதுச்சு பாருங்க... நான் ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சேன்.

தட்டித் துணியை வெட்டுறப்ப நான் எழுத்தைக் கவனிக்கல. தலை மாட்டுல பாதி ‘ஒழிக’. அது போகட்டும், திருப்பிப் போட்டுக்கலாம். புள்ளையைக் கிடத்துற நட்ட நடு எடத்துல, கொட்டை எழுத்துல, ‘திரும்பிப் போ’! எந்த மந்திரிக்கோ எழுதுனது. ‘வரப்போற புள்ளையைப் பாத்துத் திரும்பிப் போன்னு தைச்சிருக்கியே, நீ மனுசனா?’ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது? மூட நம்பிக்கைன்னா சொல்றது? சொன்னேன். ஒரு நாள் சோறு இல்ல. அதுக்கப்புறம் எனக்கே அந்தத் துணியைப் பாக்கப் பயமாப் போச்சு, தம்பி. இதை வெளிய சொல்லிடாதீங்க. அன்னைக்கே உக்காந்து பிரிச்சேன். தைச்சதைவிடப் பிரிச்சது வேகம், அதுல நான் எப்பவும் கெட்டிக்காரன்.

அந்த எடத்துக்கு எழுத்தில்லாத துணி வேணும். கோடித்துணி புதுசு, ஆகாது; பெட்டியில எழுத்தில்லாம, பூச்சி அரிக்காம தேறுனது கறுப்பு ஒண்ணுதான். இதுக்கும் சாமியாடும்னு பயந்துக்கிட்டே காட்டுனா, ‘கறுப்பா? நல்லதாப் போச்சு, கண்ணு படாது’ங்குது! எப்படி இருக்கு? நான் தடியடி வாங்கித் தூக்குன கறுப்பு, திருஷ்டிப் பொட்டுக்கு ஆயிருச்சு. பகுத்தறிவுல மண்ணு. சரி, ஏதோ ஒண்ணுக்கு ஆச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். பச்சப்புள்ளை ஒடம்புல சாயம் ஒட்டக்கூடாதில்ல, அதான் மூணு தண்ணி அலசிக் காயப்போட்டேன். அவ்வளவுதான் கறுப்புத் துணி. போதுமா?... எழுதிக்கிட்டீங்களா? எழுதலையா? பென்சிலையே எடுக்கலையே நீங்க! செபஸ்தியானா இருந்தா இந்நேரம் ஒரு நோட்டு தீந்திருக்கும்.

என்ன வெள்ளையம்மா, மோரா? குடு, தம்பிக்குக் குடு. ஏன் அங்கேயே நிக்கிற? என்ன? கொல்லையில கொடிக்கயிறு இருக்கிறப்ப வாசல்ல எதுக்குக் காயப்போட்டேன்னா? ஏன், அங்க... அங்க வெயில் இல்ல. இருக்கா? சரி, இருக்கு. நல்ல வெயில்தான். நீ உள்ள போ. அந்தக் கதவு ஓரத்துலயே நின்னுக்கிட்டு... தம்பி, நீங்க ஏன் அதைப் பாத்துச் சிரிக்கிறீங்க?

சரி தம்பி. மறைக்கல. நான்தான் வாசல்ல போட்டேன். போலீஸ் அவுட்போஸ்ட்டுலேர்ந்து பாத்தா தெரியுற மாதிரி, மொதல்ல நானே ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயி நின்னு பாத்துட்டுத்தான் போட்டேன். காத்துல பறக்கட்டும்னு கிளிப்புகூட மாட்டல. நேத்து டீக்கடையில ‘மந்திரி மட்டும் பாலத்தைத் தாண்டட்டும், பாக்குறேன்’னு சத்தமாச் சொன்னதும் நான்தான். ஒரு பய திரும்பிப் பாக்கல. ‘அண்ணே, டீ ஆறுது’ன்னான் கடைக்காரன்.

ஏங்கிறீங்களா? இந்தாங்க, நீங்க வந்ததுலேர்ந்து என் கையைப் பாருங்க. ஊசி இருக்கு. நூலு கோத்தது கோத்தபடி இருக்கு. ஒரு தையல், ஒரே ஒரு தையல் போட்டேனா? இதான் தம்பி சங்கதி! வெளிய இருந்தா என்னால முடியாது. ஒரு வரி ஓட்டுறதுக்குள்ள ரோட்டுல ஒருத்தன் போவான், கூப்பிட்டு உக்கார வச்சுருவேன். எவனும் போகலேன்னா நானே எந்திரிச்சுப் போயி எவனையாவது தேடிருவேன். நான் பொறந்ததுலேர்ந்து ஒழுங்கா தைச்சதெல்லாம் ஜெயில்ல தைச்சதுதான். அங்க கதவைச் சாத்திருவான், போக எடமில்ல. எப்பவும் சாதாக் கைதிங்களோட சி கிளாஸ்தான், என் அரசியலைக் கேக்குறதுக்குக் காதுள்ளவன் எவனும் இல்ல. ஒரு வாரம், பத்து நாளு, முன்னெச்சரிக்கை நடவடிக்கைன்னு போட்டுத் தள்ளுனீங்கன்னா, நடுப்பகுதியை மூட்டி, ஓரமும் அடிச்சு, புள்ளை பொறக்கிறதுக்குள்ள முடிச்சுருவேன். பை தயாரா இருக்கு. சோப்பு, துண்டு, நூலுக்கண்டு. வேலம்மாளுக்கு ஒரு படுக்கை பாக்கி வச்சிருக்கேன், தம்பி. இதையும் பாக்கி வச்சுட்டு அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?

ஏன் எந்திரிக்கிறீங்க? கூட்டிட்டுப் போறீங்களா? இல்லையா?... மேல எழுதிப் போடுங்க, நான் பயங்கரமா முழக்கம் போட்டேன்னு எழுதுங்க! இப்ப வேணா போடட்டுமா? வேண்டாம், மக எந்திரிச்சுருவா. மெதுவாப் போடட்டுமா? திரும்பிப்... சே, அந்த வார்த்தை வேணாம். இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வரேன், பெட்டிக்கு மேலதான் வச்சேன். இந்தத் துணிக்குள்ளதான் எங்கேயோ... ஆங், கிடைச்சுருச்சு. வாங்க, போ...

தம்பி?

செல்லக்கண்ணு! யோவ்! என்னய்யா சத்தம் அது? வெளிய நாதாங்கி போடுறியா? ஏய், கதவை... இது சட்ட விரோதம்! வாரண்டைக் காட்டு! வெள்ளையம்மா, பாத்தியா, இந்த ஆளு... உள்கதவு ஏன் சாத்திருக்கு? வெள்ளையம்மா! நீயும் கூட்டா? எப்படி எப்படி, நீதான் அவுட்போஸ்ட்டுல போயிச் சொல்லி இவனைக் கூட்டிட்டு வந்தியா! அதான் வந்ததுலேர்ந்து பென்சிலை எடுக்கல அந்த ஆளு. அடிப்பாவி, எத்தனை நாளைக்கு? ... முடியுற வரைக்குமா? கொல்லைப்பக்கம் போகணும்னா என்ன பண்றது? ஜெயில்ல என்ன பண்ணேன்னா கேக்குற? அங்க சட்டி வச்சிருந்தான்டி!

... சரி. சரி, தட்டுனா திறப்பியா? அப்ப ஒரு கோரிக்கை. இந்தத் தடவை நான் பி கிளாஸ், வசதியான அரசியல் கைதி. காலையில காப்பி வேணும். நாளைக்கு மந்திரி காரு போறப்ப ஜன்னலைத் திறப்பேன், அது என் உரிமை... அதுவும் கிடையாதா? ஜெயிலே தேவலாம் போலருக்கே.

யாரு அங்க சிரிக்கிறது? வேலம்மா? முழிச்சுட்டியா தாயீ? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே? ... ஒண்ணுமில்ல. தூங்கு. உள்ள இருக்கிறவங்ககிட்ட மட்டும் சொல்லி வையி, மெதுவா வந்தாப் போதும், தாத்தா நடுவுல கறுப்பு வைக்கிறாரு, அப்புறம் ஓரந்தான்னு. அவசரப்பட்டு வந்துட்டாலும் பரவாயில்ல, வரட்டும், வரட்டும்...

இனிமே யாரும் எதுவும் கேக்காதீங்க. வாயில நூலு இருக்கு.