செவலையை வாங்க வந்தவர்

அக்கட்டால நிக்காதீங்க, இந்தால வாங்க, இந்தால வாங்க! பின்னாடி ஆள் நின்னா இந்தக் குதிரைக்கு ஆகாது... ஒதைக்காதுங்க, ஒதைக்காது. வாலை வீசி மூஞ்சீல அடிச்சுப்போடும். முந்தாநேத்து எனக்கு உட்ட வீச்சுல மூக்குத்தித் திருகு தெறிச்சு எங்கயோ போய் உழுந்துருச்சு, இன்னும் தேடிட்டுக் கெடக்கறேன். இந்தச் சனியனை வாங்கறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸேறி வந்திருக்கீங்களே, உங்களை என்னன்னுங்க சொல்றது!

உக்காருங்க. அந்தக் கயித்துக் கட்டல்லயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. சீனிவாசலுங்கதானே உங்க பேரு? என்ற ஊட்டுக்காரரு சொன்னாரு. எளநி வெட்டியாறேன்னு வண்டிய எடுத்துட்டுத் தோப்புக்குப் போயிருக்காரு, வந்துருவாரு. அதுக்குள்ள நாலு வார்த்தை நான் சொல்லிப்போடறேன். அவரு இதோட பெருமையத்தான் சொல்லியிருப்பாரு. கொறையச் சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணுமில்லீங்களா?

மொதல்ல, இது திருடுமுங்க. ஆமா, குதிரைதான்! சமையக்கட்டு சன்னல்ல தலைய உட்டு, காப்பிக்கு வெச்சிருந்த கருப்பட்டிய முழுங்கிப்போடுச்சு. புதுசா நட்ட தென்னம்புள்ளைல குருத்தைக் கடிச்சுப்போடுச்சு. போஸ்ட்மேன் பைய ஒருக்கா இழுத்துருச்சு, அந்தாளு அப்ப இருந்து வேலிக்கு வெளியவே நின்னு கத்திட்டுப் போறாரு.

இது இந்த ஊட்டுக்கு வந்ததே ஒரு கூத்துங்க. உழவுக்குக் காளை வாங்கியாறேன்னு ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தைக்குப் போன மனுசன், லாரியில இருந்து குதிரைய எறக்கறாரு! "காளை எங்கீங்க?"ன்னேன். "காதைப் பாரு சாந்தாமணி, ரெண்டு காதும் நுனியில ஒண்ணையொண்ணு தொடுது பாரு"ங்கறாரு. ஏனுங்க, காதைப் பூட்டியா உழுவறது?

சரி தொலையட்டும்னு உட்டேன். பொழுதோட வாய்க்கா மேட்டுல ராசா மாதிரி சவாரி போவாரு. அப்படித்தான் ஒரு நா, ஜல்லி லாரிக்காரன் ஆரனை அடிச்சு உட்டான் பாருங்க, குதிரையும் அவரும் ஒட்டுக்கா வாய்க்காலுக்குள்ள! நல்ல வேளை, தண்ணி இடுப்பளவுதான். அவருக்கொரு டாக்டரு, இதுக்கொரு டாக்டரு. எலும்பு ஒண்ணும் ஒடையலைன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. மருந்துக்கு வீக்கமும் வத்திருச்சு. ஆனா அதுக்கப்பறம் ரெண்டும் பழைய மாதிரி இல்லீங்க. இது, இடது பக்கம் கைய வெச்சாலே பல்லைக் காட்டும். சேணத்தைக் கண்டா நடுங்கும். அவருக்கு இடது கை தோளுக்கு மேல போவல. சட்டைய நான் போய் மாட்டி உடோணும். மாட்டுனா "இழுக்காதே"ம்பாரு, உட்டா "புடி"ம்பாரு. நல்ல பேச்சே கெடையாது. கடைசீல படுக்கையவே கட்டுத்தறிக்கு மாத்திக்கிட்டாருங்க. குதிரை ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஒண்ணு இங்க குதிரை இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும். வித்துப்போடுங்க"ன்னேன். தெனமுஞ் சொன்னேன். சோத்தைப் போடறப்பச் சொன்னேன், சட்டை மாட்டறப்பச் சொன்னேன், சொந்தபந்தம் ஒரம்பரை வந்தா அவிய முன்னாடியும் சொன்னேன். அவரு எந்திரிச்சுக் கட்டுத்தறிக்குப் போயிருவாரு.

இப்படி இருக்கறப்பதான் நித்யஸ்ரீ... என்ற மகளுங்க, கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா... லீவுக்கு வாரப்ப ஒரு புள்ளையக் கூட்டியாந்தா. உம்மல் குல்சும்னு பேரு. ஆஸ்பத்திரியில கை கால் வெளங்காதவங்களுக்கு பிசியோதெரபி குடுத்துட்டிருந்த புள்ளையாம். அப்பறம் ஊட்டியில ரேஸ் குதிரைங்களுக்குக் கை வெச்சே வைத்தியம் பாக்கற வெள்ளக்காரம்மாகிட்ட நின்னு கத்துக்கிச்சாம். குதிரைக்கும் பாக்குமாம், குதிரை வெச்சிருக்கறவிங்களுக்கும் பாக்குமாம். எனக்குச் சிரிப்புத்தான்.

"எண்ணெ காய வெச்சுக் கொண்டாரட்டா அம்மணி?"ன்னேன். வேண்டாம்னுருச்சு. சும்மா வந்து நின்னுச்சுங்க. குதிரை மோந்து பாக்கற வரைக்கும் நின்னுட்டு, அப்பறம் கழுத்துல கைய வெச்சுது. அமுக்கவும் இல்ல, தேய்க்கவும் இல்ல. தூங்கற கொழந்தை மேல கைய வெப்பமில்லீங்க, அப்படி. மெல்ல மெல்ல நகத்துது. இது பல்லைக் காட்டுனா கைய எடுத்துக்கும். "சரி கண்ணு, வேண்டாம்னா வேண்டாம்"ங்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வெக்கும். நான் அடுப்புல பருப்பைப் போட்டுட்டு வந்து பாக்கறேன், இதோட கீழுதடு தொங்குது, கண்ணு சொருகுது... அப்பறம் உட்டுச்சு பாருங்க ஒரு கொட்டாவி! கடவாப்பல்லு மொத்தமும் தெரியுது!

அப்பறம் அந்தப் புள்ள அவரைக் கூப்புட்டுச்சு. அவரா வாரவரு? "எனக்கொண்ணுமில்ல, நீ குதிரையப் பாரும்மா"ன்னு முறுக்கிட்டு நின்னாரு. "உங்களுக்கில்லீங்கண்ணா, குதிரைக்காகத்தான். நீங்க வெறைப்பா வந்து நின்னா இதும் வெறைச்சுக்குது"ன்னுச்சு. குதிரைக்குன்னாப் போதுமே, மனுசன் கெணத்துல கூட எறங்குவாரு. போய் செவலை கழுத்துல கையப் போட்டுட்டு நின்னாரு. அந்தப் புள்ள அவரு தோள்பட்டைல கைய வெச்சுது. செத்த நேரத்துல அவரும் கொட்டாவி உடறாருங்க! இது ஒண்ணு உடும், அவரு ஒண்ணு உடுவாரு... நானும் நித்யஸ்ரீயும் வாயப் பொத்திட்டுச் சிரிச்சோம். சிரிச்சுட்டே பாக்கறேன், அவரு கண்ணுல தண்ணி. "நான் வாய்க்கா ஓரமா ஓட்டுனதாலதான இது உழுந்துச்சு"ங்கறாரு. அத்தனை நாளும் அதைத்தான் உள்ளயே வெச்சுட்டு இருந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க!

அதோட உட்டிருக்கலாமில்ல அந்தப் புள்ள? "அக்கா, நீங்களும் வாங்க"ன்னுச்சு. எனக்கெதுக்குன்னேன். "தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குதுங்கக்கா"ன்னு முதுகுல, நட்ட நடுவுல, கைய வெச்சுது. ஏனுங்க... கண்ணாலமாகி வந்ததுல இருந்து இந்த ஊட்ல எல்லாருக்கும் எண்ணெ தேச்சு உட்டவ நானு. என்ற முதுகை யாரு தொட்டாங்க? சூடா என்னமோ எறங்குச்சுங்க, சொல்லத் தெரியல. அப்படியே என்ற கையப் புடிச்சு இதோட கழுத்துல வெச்சுருச்சு. பயந்துக்கிட்டு அதுவரைக்கும் நான் இதைத் தொட்டதே இல்லீங்க. இது என்ன பண்ணுச்சு தெரியுங்களா? தாடையத் தூக்கி என்ற தோள்ல வெச்சு, நீளமா ஒரு மூச்சு உட்டுச்சு. சீலையெல்லாம் எச்சிலு! துவைச்சுங் கறை போவலைங்க...

அந்தப் புள்ள அப்பறமும் வந்து வந்து பாத்துச்சு. இப்பச் சேணம் போட்டா நிக்குது. அவரு சட்டைய அவரே போட்டுக்கறாரு. படுக்கையும் ஊட்டுக்குள்ள வந்துருச்சு. வெடியால அவரு தோப்புக்குப் போனதும் நான் வந்து இதுகிட்ட நிப்பேன். அந்தப் புள்ள காட்டிக் குடுத்தாப்ல கழுத்துல இருந்து முதுகு வரைக்கும் கைய வெச்சுட்டு... கண்ணை மூடிக்கும். நல்ல ஜீவனுங்க. நெம்ப நல்ல ஜீவன்.

அவருக்கு இது தெரியாதுங்க! தெரிஞ்சா மானம் போயிரும். ஊருக்கே கேக்கற மாதிரி வித்துப்போடுங்கன்னு கத்துனவ நானில்லீங்களா? கத்துனதுக்குத்தான் அனுபவிக்கறேன். முந்தாநேத்து வந்து நிக்கறாரு, "நீ சொன்ன மாதிரியே ஆள் புடிச்சாச்சு சாந்தாமணி, எஸ்டிடி பூத்துல இருந்து பேசிப்போட்டேன், கோயமுத்தூர்க்காரரு வாராரு"ன்னு. எனக்கு அடுப்புல என்ன இருக்குதுன்னே தெரியலைங்க.

அதனால... ஏனுங்க, நீங்க ஒரு ஒத்தாசை பண்ணோணும். அவரு வந்ததும் குதிரை புடிக்கலைன்னு சொல்லிப்போடுங்க. காது நல்லாயில்லைன்னு... வேண்டாம், காதைச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவாரு. கலரு புடிக்கலைன்னு சொல்லுங்க. மத்தியானம் கோழி அடிச்சுப் போடறேன், வகுறு நெறையச் சாப்புட்டுட்டுப் போலாம்.

எதுக்குங்க சிரிக்கறீங்க?... என்னது?... அவருமா? எப்பச் சொன்னாரு?... பஸ் ஸ்டாப்புல இருந்து கூட்டியாரப்பவேவா! "என்ற சம்சாரம் முன்னாடி வேண்டாம்னு சொல்லிப்போடுங்க, அவ திட்டுனாக் கண்டுக்காதீங்க"ன்னா?

அட என்ற சாமி... அந்த மனுசனைப் பாருங்களேன்... இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன்... சிரிப்புத்தானுங்க, சிரிச்சாலுந் தண்ணி வருமில்ல.

வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு! நீங்க ஒண்ணுந் தெரியாத மாதிரி உக்காருங்க. என்ற மூஞ்சிய மட்டும் பாத்துப்போடாதீங்க.

ஏனுங்க! வாங்க வாங்க! நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாந்தீங்க! கலரு புடிக்கலையாம், வேண்டவே வேண்டாங்கறாரு! இனி இந்தச் சனியனை வெச்சுட்டு நான் எத்தனை வருசந்தான் சீரழியறது... அதென்னுங்க, அங்க நின்னுட்டு இளிக்கறீங்க? எளநிய இங்க குடுத்துட்டு, மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டுங்க போங்க!