நடுவுல உக்கார்ற ஆளு

மைலேஜ் கெடக்கட்டும் அப்பு. அதை மூணு தடவ சொல்லிட்ட. நான் கேட்டதுக்குத்தான் இன்னும் பதிலு வரல. மூணு பேரை வச்சுக்கிட்டு மேட்டுல ஏறுமா, ஏறாதா?

சிரிக்காத. மூணு பேரு போறது குத்தம்னு எனக்கும் தெரியும். என் மேல பதினாலு கேஸு இருக்கு. பதினஞ்சாவதா இதையும் எழுதிக்கிடட்டும். சட்டத்த நான் போலீசுகிட்டக் கேட்டுக்கிறேன், நீ வண்டியப் பத்திச் சொல்லு.

என்னது, என் வயசுக்கு நூறு சிசி போதுமா? ரொனால்டுன்னு சட்டையில பேரு குத்தியிருக்க. எந்தச் சர்ச்சுப் பங்கு நீ? சரி. உங்க பங்குச்சாமி புதுசா ஒண்ணு வச்சிருக்காருல்ல, நூத்தம்பது. அவரு என்னையவிட ரெண்டு வயசு மூத்தவரு. அவருகிட்ட வயசப் பத்திப் பேசுனியா? பேசிருக்க மாட்ட. தோத்திரம் சாமின்னு கும்புட்டு வித்திருப்ப. என்னையப் பாத்த ஒடனே, பழைய மொபெட்டு, தேஞ்ச செருப்பு, பெருசுக்கு நூறு போதும்னு நீயே முடிவு பண்ணிட்ட. கோவமில்லப்பா. அறுபத்தொரு வயசு மனுசனுக்கு எம்புட்டு இழுவை வேணும்ங்கிறத அவன்தான் சொல்லணும். கடைக்காரன் சொல்லக்கூடாது.

வெளிய நிக்குதே, அதான் என் வண்டி. அம்பது சிசி. தொண்ணூத்தொண்ணுல வாங்குனது. எக்ஸ்சேஞ்சா? அதுமேல கைய வைக்காத. ஒரு பக்கம் பெடல் இல்லைன்னா என்ன? அந்த வண்டி போகாத ஊரு கிடையாது. இந்தப் பக்கம் சித்தையன்கோட்டை, அந்தப் பக்கம் எரியோடு. முன்னாடி மைக்செட்டு, பின்னாடி பசை வாளி. முப்பதுக்கு மேல போகாது. ஆனா வரப்புல நிக்கிற பொம்பள கைய நீட்டுனா நிக்கும். தோழரே, கூலி குடுக்க மாட்டேங்கிறான்னு ஒருத்தி கத்துனா காதுல விழும். பெரிய வண்டிக்காரனுக்குக் காத்துச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்னு நானே நூறு கூட்டத்துல பேசியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டு. என்கூட ஜெயில்ல களி தின்னவனுக ரெண்டு பேரு இன்னைக்குக் கார்ல போறானுக. என்னையப் பாத்தா கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிறானுக. ஏத்திக்கட்டும்.

அப்ப எதுக்கு இப்பப் பெரிய வண்டின்னுதானே கேக்குற? எங்க சங்கத்துச் செயலாளரு கிளெமென்டும் இதத்தான் கேட்டான். தோல் பதனிடுற தோல்ஷாப்புத் தொழிலாளிக சங்கம். அவன் என்னையவிட இருபது வயசு சின்னவன். மேடையில ஏறுனா மொதல்ல இதத்தான் சொல்லுவான். எங்க அருள்நாதன் அண்ணன் இன்னைக்கும் அதே மொபெட்டுலதான் வாராரு, இதுதான் எளிமைம்பான். சனம் தட்டும். நான் தலையக் குனிஞ்சுக்குவேன். அடக்கமான மனுசன்னு அதுக்கும் தட்டும்.

எளிமையாவது, வெங்காயமாவது.

செத்த நேரம் நில்லு, இந்த சீட்டை அளந்துக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு சாணு, நாலு வெரக்கடை. நான் முன்னாடி தள்ளி உக்காந்துட்டா நடுவுல ஒரு ஆளு தாராளமாக் கொள்ளும். பின்னாடி ஒருத்தன் அவன அணைச்சுப் புடிச்சுக்கிட்டு உக்காரணும், அதுக்கும் எடம் வேணும். பேரப்புள்ளைகளா? இல்லப்பா. வீட்டுக்காரியா? சகாயராணி என் வண்டியில ஏறவே மாட்டா. உங்க கொடியப் புடிச்சுக்கிட்டு ஊர்கோலம் வர என்னால ஆகாது, நான் பஸ்ஸுல வாரேம்பா.

திங்கக்கெழம ஸ்ட்ரைக்கு. அதுக்குத்தான். நோட்டீஸு குடுத்தாச்சு. தோல்ஷாப்புகளுக்குன்னு ஒரு ஆம்புலன்சு நிறுத்தி வைங்கய்யான்னு ஒம்பது வருசமா மனு எழுதுறேன். ஆவன செய்யப்படும்னு பதிலு வரும். அந்தப் பதிலையெல்லாம் ஒண்ணாக் கட்டுனா ஒரு ஆளு படுக்கலாம், அம்புட்டு இருக்கு.

ஸ்ட்ரைக்குன்னா எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கப்பன் காலத்துல இருந்து வாரது. முடியிற வரைக்கும் மொதலாளி வீட்டுத் தண்ணி குடிக்கக்கூடாது, மொதலாளி வண்டியில ஏறக்கூடாது. மீறுனவன் வீட்டுச் சாவுக்குக்கூட ஒருத்தனும் போகமாட்டான். ஒம்பது வருசத்துக்கு முன்னாடி, தொண்ணூத்தி நாலுலயும் அப்படித்தான் நின்னோம். இருபத்தி மூணு நாளு. மொதலாளி வெளியூர்ல இருந்து ஆளு எறக்கிட்டான். நாங்க கேட்டுல கோசம் போட்டுக்கிட்டு நிக்கிறோம், உள்ள கத்துறாங்க. கழிவுக்குழிய வழிக்க எறங்குன எரியோட்டுக்காரன், சின்னக்கண்ணுன்னு பேரு, வெசக்காத்து அடிச்சு விழுந்துட்டான். கருங்காலிப் பய, கெடக்கட்டும்னு நின்னோம். ஆண்டிச்சாமி நிக்கல. எங்க ஆளுதான். பதினெட்டு வருசம் அந்தக் குழியில கெடந்தவன். கேட்டு ஏறிக் குதிச்சு, இடுப்புல கயித்தக் கட்டி எறங்கி, அவன மேல தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுட்டு இவன் சாஞ்சுட்டான். கயித்தப் புடிச்சு இவனையும் இழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் மூச்சு இருந்துச்சு.

உங்கப்பாவக் கேட்டுப் பாரு, தெரியும். ஊரு பூரா நோட்டீஸு விட்டோம். முதலாளியின் லாபவெறிக்குத் தோழர் ஆண்டிச்சாமி பலி. ஐயாயிரம் பிரதி. நான் எழுதுனதுதான். பள்ளிக்கூடத்துல படிச்சது அஞ்சாப்பு, மிச்சப் படிப்பெல்லாம் நோட்டீஸுலதான் படிச்சேன். குழிக்கு மூடி இல்ல, மூஞ்சிக்கு முகமூடி இல்ல, அம்புட்டும் நெசம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன் பொண்டாட்டி மணிமேகலை அதைக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டிவச்சிருக்கா.

காரப் பத்தி மட்டும் எழுதல.

மொதலாளி காருதான், வேற எது? வாசல்லயே நின்னுச்சு, கதவத் தொறந்து வச்சுக்கிட்டு. பின்சீட்டுல சின்னக்கண்ணப் படுக்க வச்சுட்டாங்க. மொதலாளியே வந்தான். இவனையும் ஏத்துங்கப்பா, எடம் இருக்குன்னான். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. எங்க ஆளு உங்க கார்ல ஏறமாட்டான்யான்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். கைதட்டுனாங்கப்பா. கீழ ஆண்டிச்சாமி கெடக்கான், நாப்பது பேரும் தட்டுறாங்க.

என் மொபெட்டுல அவன் மத்தியில, கிளெமென்டு பின்னாடி. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். காரு எங்களத் தாண்டிப் போச்சு. ரயில் பாலத்து ஏத்தத்துல பாதியில வண்டி மூச்சு வாங்குது. கிளெமென்டு குதிச்சு, ஒரு கையால தள்ளுறான், ஒரு கையால அவனப் புடிச்சுக்கிறான். நான் பெடல மிதிக்கிறேன். அது அன்னைக்கு ஒடைஞ்ச பெடலுதான். ஆண்டிச்சாமி தலை என் முதுகுல. மூச்சுச் சூடு சட்டைக்குள்ள தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாலத்து உச்சிக்கு வாரப்ப தெரியல.

மொதலாளி ஊரு பூராச் சொல்லிப் பாத்தான், நான் காரு குடுத்தேன், இவனுகதான் ஏத்தலைன்னு. மொதலாளி சொன்னா எவன் நம்புவான்? நோட்டீஸுல இல்லையே. நாப்பது பேருக்குத் தெரியும். தட்டுன கை, எவன் வாயத் தொறப்பான்?

சின்னக்கண்ணா? பொழைச்சுட்டான். பஸ் ஸ்டாண்டுக்கிட்டத் தக்காளி போட்டிருக்கான். என்னையப் பாத்தா ரெண்டு சேத்துப் போடுவான். வாங்கிக்கிருவேன்.

வேணாம். கார்ல ஏத்தியிருந்தாப் பொழைச்சிருப்பானேன்னு ஆரம்பிக்காத. அந்தக் கேள்விக்கு ஒம்பது வருசமா நான் ஒரு ஆளு போதும். ஆனா இதையும் கேட்டுக்க. திங்கக்கெழமையும் அதே கட்டுப்பாடுதான். அதை நான் மாத்தமாட்டேன். மொதலாளி காரு தொறந்து நிக்கட்டும், பூப்போட்டு நிக்கட்டும், எங்க ஆளு ஏறமாட்டான். ஆனா வண்டியில இழுவை இல்லாம இன்னொருத்தனக் கொண்டுபோக மாட்டேன்.

சரி, பேச்சு போதும். நீ சொல்ற நூறையே மொதல்ல எடு. ரயில் பாலம் வரைக்கும் போவோம். திணறுச்சுன்னா திரும்பி வந்து நூத்தம்பத எடுப்போம். அந்தா வண்டி துடைக்கிறாரே மெக்கானிக்கு, அவரையும் கூப்புடு, பின்னாடி உக்காரட்டும். நீ நடுவுல.

ஏறு. இப்படி வெறைப்பா உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒடம்ப விடு. கால ஊணாத. மெக்கானிக்கண்ணே, தம்பி இடுப்பச் சேத்துப் புடிங்க, சரியப் பாப்பாரு. கையத் தொங்கப்போடு அப்பு. தலைய என் முதுகுல சாச்சுக்க.

ம். இன்னும் கொஞ்சம் கனமா.