அட்மிரல் தொப்பிக்கு ஒரு பதில் பாட்டு

ரிசிக்கி: கையைத் தூக்குங்க... இன்னும் கொஞ்சம். கக்கத்துல கோட்டு பிரிஞ்சு கிடக்கு.

ஷெகுவே: ஆ! ஊசி குத்துதுடி!

ரிசிக்கி: ஏழு கடல் ஆள்ற புருஷனுக்கு ஒரு ஊசி குத்தினா தாங்காதா?

ஷெகுவே: அந்தப் பாட்டைப் பாடாத!

ரிசிக்கி: நான் எங்க பாடினேன்?

ஷெகுவே: 'ஏழு கடல்'னு இப்ப சொன்னியே. மொம்பாசா முழுக்க அதைத்தான் பாடுது. மீன் சந்தையில பாடுறான், பள்ளிவாசல் கிணத்தடியில பாடுறான். நேத்து துறைமுகக் கிடங்குல மூட்டைக்குக் குறி போட்டுக்கிட்டு இருக்கேன், சுமை தூக்கறவன் அந்த மெட்டுல காலைத் தட்டுறான். என்னைப் பாத்ததும் நிறுத்தினான் பாரு... அதுதான்டி இன்னும் கேவலம்.

ரிசிக்கி: முழுப் பாட்டு எப்படி? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.

ஷெகுவே: என் மானம் போனதை என் வாயாலயே பாடணுமா?

ரிசிக்கி: பதில் கட்டணும்னா கேள்வி தெரியணும்ல? சொல்லுங்க.

ஷெகுவே: ...ஏழு கடலாளும் எங்க அட்மிரலு, எட்டு முழத் தண்ணி தாண்டலையே... தங்கச் சரிகைத் தொப்பி எதுக்கு? தலைக்கு இல்லடி... தலைக்கு இல்லடி...

ரிசிக்கி: வாந்திக்கு!

ஷெகுவே: ஞாபகம் இல்லன்னியே!

ரிசிக்கி: இப்ப வந்துடுச்சு. அசையாதீங்க, நூல் அறுந்துடும்.

ஷெகுவே: சிரிக்கிறியா?

ரிசிக்கி: வாயில நூல் வெச்சிருக்கேன். அதான் அப்படித் தெரியுது.

ஷெகுவே: எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அக்கரை லிக்கோனிக்குத் தோணியில போனது மூணே பேரு. நான், நீ, தோணிக்காரன். தொப்பிக்குள்ள நான்... அது... நடந்தது அந்த மூணு பேருக்குத்தான் தெரியும். நமக்கு எதிரா ஆடிப் பாடுற தங்கக்கொடிக் கட்சிக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ரிசிக்கி: தோணிக்காரன் சும்மா இருப்பானா?

ஷெகுவே: அவன் கழுத்தைப் பிடிச்சுக் கேட்டுட்டேன். குரான் மேல சத்தியம் பண்றான்.

ரிசிக்கி: தொப்பியைக் கழுவி முருங்கை மரத்துலதானே காயப் போட்டேன். தெருவுல போறவங்க பாத்திருப்பாங்க.

ஷெகுவே: ஈரத் தொப்பியைப் பாத்தா மழைன்னு நினைப்பான். வாந்தின்னு எவன் நினைப்பான்?

ரிசிக்கி: உங்களைத் தெரிஞ்சவன் நினைப்பான்.

ஷெகுவே: விளையாடாதடி! சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் கோட்டைக்கு முன்னாடி மைதானத்துல நான் பதில் பாடணும். பாடலைன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்தக் கோட்டு, தொப்பி ரெண்டையும் எல்லார் முன்னாடியும் கழட்டி, முடி வெட்டுற பராஜி கையில கொடுக்கணும். அவன் தங்கக்கொடிக்குச் சக்கரவர்த்தியாம்! நம்ம நங்கூரம் ஆட்டக் கட்சியோட பெரிய முரசும் அவனுக்குப் போயிடும்.

ரிசிக்கி: மாடு?

ஷெகுவே: மாடும் நாமதான் அடிச்சு அவங்களுக்கு விருந்து வைக்கணும்.

ரிசிக்கி: அப்ப சமைக்கிறது நான்.

ஷெகுவே: உனக்குச் சமையல் கவலை! என் பதவி போகுதுடி. போன பெருநாள்ல புதுசா வந்த போலீஸ்காரன் என்னை நிஜ அட்மிரல்னு நினைச்சு விறைப்பா சலாம் வெச்சான். அப்படி ஒரு கோட்டு இது!

கோம்போ: அட்மிரல்! சலாம்! நங்கூரம் கட்சி டாக்டர் கோம்போ வந்திருக்கேன்!

ரிசிக்கி: வாங்க தம்பி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க கருவாட்டு வாசனை வந்துடுச்சு.

கோம்போ: கடையை அடைச்சுட்டு அப்படியே ஓடி வர்றேன் அண்ணி. வெள்ளைக் கோட்டு போட்டாலும் சுறா விடுமா? அட்மிரல், கொம்பு ஊதறவங்க மாமரத்தடியில நிக்கிறாங்க. முரசுக்குச் சூடு காட்டியாச்சு. தங்கக்கொடிக்காரன் இப்பவே மைதானத்துல பாய் விரிச்சுட்டான். துரை வீட்டு வராண்டாவுல நாற்காலி போட்டாச்சு, துரைசாணியும் வர்றாங்களாம். பதில் பாட்டு எங்க?

ஷெகுவே: நெஞ்சுல இருக்கு.

கோம்போ: இருங்க... இந்தக் குழாயை வெச்சுப் பாக்கறேன்.

ரிசிக்கி: அது மண்ணெண்ணெய் ஊத்தற புனல்தானே தம்பி?

கோம்போ: புனலும் ரப்பரும். நோயாளிக்கு என்ன தெரியும்? ...அட்மிரல், ஒண்ணும் கேக்கலையே.

ஷெகுவே: போய்யா! போய் எல்லாரையும் வரிசையில நிறுத்து. நான் பின்னாடியே வர்றேன்.

கோம்போ: ஒரு அடியாவது சொல்லுங்க. பசங்க பயப்படறாங்க.

ஷெகுவே: ரகசியம்! போ!

கோம்போ: சலாம்! வர்றேன் அண்ணி.

ரிசிக்கி: ...பாவம். உங்களை நம்பிப் போறாரு.

ஷெகுவே: ரிசிக்கி.

ரிசிக்கி: ம்?

ஷெகுவே: கொஞ்சம் தண்ணி கொடு.

ரிசிக்கி: இந்தாங்க. கோட்டுல சிந்திக்காதீங்க.

ஷெகுவே: பாட்டு இல்ல.

ரிசிக்கி: நெஞ்சுல இருக்குன்னீங்க?

ஷெகுவே: நெஞ்சுலயும் இல்ல, வயித்துலயும் இல்ல. எப்பவுமே இருந்தது இல்லடி. யார்கிட்டயும் சொல்லிடாத... அந்தப் பாட்டெல்லாம் நான் கட்டினது இல்ல.

ரிசிக்கி: ஐயையோ!

ஷெகுவே: மெதுவா! பணியாரம் விக்கிற தத்து இருக்கால்ல? அவகிட்ட சொல்லி விடுவேன். அவளுக்கு யாரோ ஒரு பெரியவரைத் தெரியுமாம். லாமு பக்கத்து ஆளு. கண்ணு தெரியாது, வெளிய வர மாட்டாரு. ஆனா பாட்டு... அப்பப்பா! வார்த்தை ஒவ்வொண்ணும் மிளகா மாதிரி. அவர் கட்டித் தருவாரு, தத்து வந்து என் காதுல சொல்லுவா.

ரிசிக்கி: மைதானத்துல உங்க பேரைத்தானே சொன்னாங்க? 'கட்டினவர் அட்மிரல் ஷெகுவே'ன்னு அறிவிச்சதும் உங்களைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடினாங்களே. நானும் வேலியோரமா நின்னு பாத்தேன்.

ஷெகுவே: அதுதான் வினை! பெரியவர் கோச்சுக்கிட்டாராம். 'பாட்டு என்னுது, பேரு அவனுதா?'ன்னு கேட்டாராம். இனி ஒரு வரி கிடையாதுன்னு தத்து சொல்லிட்டா.

ரிசிக்கி: நியாயம்தானே?

ஷெகுவே: என்ன நியாயம்? சும்மாவா வாங்கினேன்? ஒவ்வொரு பாட்டுக்கும் பெரியவர் சம்சாரத்துக்குன்னு ஒரு புது ஜோடித் துணி கொடுத்து விட்டேன். கடைத்தெருவுல நானே நின்னு பொறுக்கினது. கடைசியாக்கூட முந்திரிப்பழம் போட்ட நல்ல சிவப்பு... முந்திரி... ரிசிக்கி, நீ கட்டியிருக்கறது...

ரிசிக்கி: இதுவா? மூணு வாரமாக் கட்டறேன். இப்பத்தான் பாக்கறீங்களா?

ஷெகுவே: இது உனக்கு உங்க சித்தி கொடுத்ததுன்னு...

ரிசிக்கி: எனக்குச் சித்தியே கிடையாது. உங்களுக்கு அதுவும் தெரியல.

ஷெகுவே: இரு... தத்து துணியைத் திருடிட்டாளா?

ரிசிக்கி: ஐயோ, இந்த மனுஷனுக்கு எவன் கப்பலைக் கொடுத்தான்! தத்து சரியான வீட்டுலதாங்க கொடுத்தா.

ஷெகுவே: அப்ப... அந்தப் பெரியவர்...

ரிசிக்கி: தேங்கா துருவிக்கிட்டே கட்டுவாரு. நீங்ககூட ஒருநாள் அதட்டுனீங்களே? 'அடுப்படியில என்னடி முனகல், என் பாட்டு கெடுது'ன்னு. அப்பக் கட்டினதுதான் நீங்க தோள்ல ஏறினது.

ஷெகுவே: நீயா? நீயா?!

ரிசிக்கி: கத்தாதீங்க. கோட்டு பிரிஞ்சுடும்.

ஷெகுவே: என் கண்ணு! என் தங்கம்! அப்ப பதில் பாட்டு...

ரிசிக்கி: தயாரா இருக்கு.

ஷெகுவே: சொல்லு! சீக்கிரம் சொல்லு!

ரிசிக்கி: முதல் ரெண்டு அடி மட்டும். தொப்பி நனைஞ்சா வெயில்ல காயும்... தோத்த மூஞ்சி எதுல காயும்?

ஷெகுவே: அடடா... அடடா! பராஜி செத்தான்! வாந்தியை மறைக்கவே இல்ல பாரு, ஒத்துக்கிட்டே உதைக்கிறா! மீதி? மீதியைச் சொல்லு!

ரிசிக்கி: மீதி மைதானத்துல. முரசு நின்னதும் முதல்ல என் பேரைச் சொல்லணும். வேலியோரமா இல்ல, முரசுக்குப் பக்கத்துல நான் நிக்கணும்.

ஷெகுவே: பொம்பளை பேரையா? நம்ம வரிசையிலயா? சிரிப்பாங்கடி.

ரிசிக்கி: தொப்பிக்குச் சிரிச்சதை விடவா?

ஷெகுவே: கூட்டத்துல என்னைப் பொய்யன்னு சொல்லுவாங்களே... இத்தனை நாளா நானே கட்டினதுன்னு...

ரிசிக்கி: சரி விடுங்க. கோட்டைக் கழட்டிக் கொடுங்க, மடிச்சு வெக்கறேன். பராஜி உங்களை விடக் கொஞ்சம் ஒல்லி, பிடிச்சுத் தைக்கணும்.

ஷெகுவே: இரு, இரு! கழட்டாத... சரி. சொல்றேன்.

ரிசிக்கி: அப்பா பேரோட.

ஷெகுவே: அப்பா பேரோட! கோம்போ! யோவ் டாக்டர்! எங்க போனான்...

கோம்போ: இதோ வந்துட்டேன்! அட்மிரல், மைதானத்துல ஒரு விசேஷம்...

ஷெகுவே: விசேஷம் இங்க இருக்கு. அறிவிப்புக்காரன்கிட்ட போய்ச் சொல்லு. இன்னிக்கு என் பேரு வேண்டாம். 'கட்டினவங்க ரிசிக்கி பின்த் ஹமிசி'ன்னு மூணு தடவை சத்தமா அறிவிக்கணும்.

கோம்போ: ...என்ன பேரு?

ஷெகுவே: காது அடைச்சுப்போச்சா? ரிசிக்கி பின்த் ஹமிசி. உங்க அண்ணிய்யா!

கோம்போ: அட்மிரல், அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். அங்க தங்கக்கொடி அறிவிப்புக்காரனும் இதே பேரைத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கான்.

ஷெகுவே: என்னய்யா உளர்றே?

கோம்போ: தொப்பிப் பாட்டு கட்டினது யாருன்னு இன்னிக்குச் சொல்லப் போறாங்களாம். கட்டினவங்களே பேரைச் சொல்லணும்னு கேட்டாங்களாம், பராஜி உடனே ஒத்துக்கிட்டானாம்.

ஷெகுவே: தொப்பிப் பாட்டு... தோணியில மூணு பேரு... ரிசிக்கி! அடி ரிசிக்கி!

ரிசிக்கி: கடைசிப் பொத்தானைப் போடுங்க, பாங்கு சொல்லியாச்சு. நேரத்துக்குப் போகணும்ல? இன்னிக்கு நான் எனக்கே பதில் சொல்லணும்.