பதினைந்து வருஷம் தாங்கும் தொட்டி

செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு ஆமத்தூர் விலக்கு வரை நடந்து வந்து சிவகாசி பஸ் ஏறினேன். முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி ஒருவர். பக்கத்தில் காலேஜ் லேபில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன்.

“உங்க கம்பெனித் தண்ணித்தொட்டிக் கால்ல இருந்து வெட்டுன இரும்பை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்ச பொறகுதான் டெஸ்ட் பண்ணணும் அத்தான்.”

“ஏலே மாப்ள, இருந்த துருவைத் தேய்ச்சுப்புட்டு, இனிமே எம்புட்டுத் துருப்பிடிக்கும்னு ஜோசியம் பார்த்தியாக்கும்?”

“ஜோசியம் இல்ல. இரும்பைத் தண்ணியில முக்கி, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, கரண்ட் எம்புட்டு ஓடுதுன்னு பார்ப்போம். அரிக்கிற வேகம் தெரிஞ்சிரும்.”

“எந்தத் தண்ணியில முக்குன?”

“உங்க மேனேஜர் கேன்ல கொடுத்தாரு.”

“அது ஆபீஸ்ல குடிக்கிற தண்ணிலே! தொட்டிக்காலு நிக்கிறது பட்டாசு மருந்து ஒட்டுன கையைக் கழுவுற உப்புத் தண்ணியில. உன் அக்கா தெனமும் அந்தத் தொட்டிக்கு அடியிலதான் கை கழுவுறா.”

“கொடுத்த தண்ணிக்கு ரிசல்ட் சரிதான் அத்தான்.”

“பதினஞ்சு வருஷம் தாங்கும்னு நீ கொடுத்த பேப்பரை ஒட்டி வச்சிருக்காக. தொட்டியை மாத்துங்கன்னா, ‘உன் மச்சினனே சொல்லிட்டானே’ங்குறாக.”



தொழிலாளி இறங்கிய இடத்தில், வேலை கேட்கலாமென்று நானும் இறங்கினேன். மறுநாள் காலை அதே கம்பெனியில் எனக்கு வேலை கொடுத்தார்கள். துருவைச் சுரண்டிவிட்டுத் தொட்டிக் கால்களுக்கு சில்வர் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒரு காலைச் சுரண்டும்போது இரும்பு பொத்துக்கொண்டு விரல் உள்ளே போனது. அதன் மேலேயே அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன்.